ஊசிநூல் டப்பா: அம்மா திறந்து பார்த்தால் எதை வைப்பார், எதை எறிவார்

வீட்டை விட்டுத் தனியே தங்கப் போகும் பிள்ளையின் பெட்டியில் கடைசி நேரத்தில் செருகப்படும் சாமான்களில் ஊசிநூல் டப்பாவும் ஒன்று. ஜிப் வைத்த சின்னப் பை, மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி, தகர டப்பா என்று மூன்று உருவத்தில் வருகிறது. உறையின் மேல் நூறு உருப்படி, இருநூறு உருப்படி என்று கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். குண்டூசி ஒவ்வொன்றும் ஓர் உருப்படி, பட்டன் ஒவ்வொன்றும் ஓர் உருப்படி என்று கணக்கு வைத்தால் இருநூறைத் தொடுவது பெரிய காரியமில்லை. அந்த எண்ணைப் பார்த்து வாங்காதீர்கள்.

பார்க்க வேண்டியது வேறு. தைக்கத் தெரிந்த அம்மா எவரும் பிள்ளைக்கு முதலில் சொல்லித் தருவது நாலே வேலைதான்: விழுந்த பட்டனைத் தைப்பது, பிரிந்த தையலைச் சேர்ப்பது, நீளமான கால்சட்டையின் ஓரத்தை மடித்துத் தைப்பது, கொக்கியோ பிரஸ் பட்டனோ வைப்பது. இந்த நாலையும் வேறு எதையும் தேடி ஓடாமல் செய்து முடிக்க முடிகிறதா? டப்பாவுக்கு மார்க் போட இந்த ஒரு கேள்வி போதும். இந்த வகை டப்பாக்கள் பெரும்பாலும் எங்கே தேறுகின்றன, எங்கே தோற்கின்றன என்று ஒவ்வொரு சாமானாகப் பார்த்துவிடுவோம்.

முதலில் நூல், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். அட்டையிலோ குட்டிக் கண்டிலோ இருபது நிறம் அழகாக அடுக்கியிருக்கும். ஒவ்வொன்றிலும் சில மீட்டர்தான் இருக்கும். நாலு துளைப் பட்டன் ஒன்றை இரட்டை நூலில் தைக்கக் குறைந்தது அரை மீட்டர் வேண்டும். ஒரு கால்சட்டையின் இரண்டு கால்களுக்கும் ஓரம் அடிக்க இரண்டு மீட்டருக்குப் பக்கத்தில் போய்விடும். கறுப்பும் வெள்ளையும் முதல் இரண்டு மாதத்தில் தீர்ந்து, ரோஜா நிறமும் கிளிப்பச்சையும் தொடாமல் கிடப்பது இதனால்தான். நடைமுறையில் வேண்டியது வெள்ளை, கறுப்பு, கருநீலம், சாம்பல், பழுப்பு என்று ஐந்து நிறம். அந்த ஐந்தும் பெரிய கண்டாக இருந்தால் ஆண்டுக்கணக்கில் ஓடும்.

தரத்தைப் பார்க்க அம்மாக்கள் செய்வது எளிய சோதனை. ஒரு முழம் நூலை இழுத்து, இரண்டு முனையையும் விரலில் சுற்றி, வெடுக்கென்று இழுக்காமல் மெல்ல மெல்லப் பாரத்தைக் கூட்ட வேண்டும். நல்ல பாலியஸ்டர் நூல் விரலை அறுக்கப் பார்க்குமே தவிர சுலபத்தில் அறாது. மட்டமான நூல் ஏதாவது ஒரு மெல்லிய இடத்தில் சத்தமே இல்லாமல் பிரிந்து வரும். அடுத்து நூலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். அணில் வால் மாதிரி பிசிறு தெரிந்தால், ஊசிக் காதில் போய்வரும்போதே அது தேய்ந்துவிடும். பெட்டியோடு வரும் நூல் பாதிக்குப் பாதி இந்தச் சோதனையில் தோற்கும் ரகம். அதைத் தூக்கி எறிய வேண்டாம். தற்காலிகமாகப் பெரிய பெரிய தையலாகப் போட்டுப் பிறகு பிரித்துவிடும் வேலைக்கு, சுலபமாக அறும் நூல்தான் வசதி.

வலுவான நூலே எல்லாவற்றுக்கும் நல்லது என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடக் கூடாது. மெல்லிய பருத்தித் துணியில் முரட்டு பாலியஸ்டர் நூலால் தைத்தால், இழுபடும்போது நூல் நிற்கும், துணி கிழியும். அறுந்த நூலைத் திரும்பத் தைக்க ஐந்து நிமிடம் போதும். கிழிந்த துணியைச் சரிசெய்வது அவ்வளவு எளிதல்ல. துணியை விட நூல் ஒரு படி மெலிவாக இருக்கட்டும் என்று பழைய கைகள் சொல்வது இதற்காகத்தான்.

நிறம் பொருத்துவதில் ஒரு சூட்சுமம் உண்டு. கண்டில் நூல் அடர்த்தியாகச் சுற்றியிருப்பதால் நிறம் கருத்துத் தெரியும். ஒற்றை இழையாகத் துணியில் விழுந்ததும் அதே நிறம் வெளுத்துத் தெரியும். கண்டைத் துணி மேல் வைத்துப் பார்ப்பதை விட, ஒரு சாண் நூலை உருவித் துணி மேல் போட்டு, பகல் வெளிச்சத்தில் பார்ப்பதே சரி. சரியாகப் பொருந்தும் நிறம் கிடைக்காவிட்டால் ஒரு சாயல் கருத்ததை எடுங்கள். வெளுத்த நூல் தூரத்திலிருந்தே காட்டிக் கொடுத்துவிடும்.

எவ்வளவு நீளம் வெட்டுவது? விரல் நுனியிலிருந்து முழங்கை வரை, அதற்கு மேல் ஒரு சாண் போனால் போதும். திரும்பத் திரும்பக் கோர்க்கச் சோம்பல்பட்டு ஒன்றரை மீட்டர் வெட்டினால் இரண்டு வினை வரும். ஒவ்வொரு தையலுக்கும் கை தூரமாகப் போய்வர வேண்டும்; நடுவில் நூல் முறுக்கேறிச் சிக்கு விழும். அதோடு நூலின் ஒரே இடம் துணிக்குள் நூறு தடவை உரசி இளைத்துப் போகும். சிக்கு விழுந்தால் இழுக்காதீர்கள். ஊசியை விட்டுவிட்டு நூலைத் தொங்கவிட்டால் அது தானாகச் சுழன்று முறுக்கை அவிழ்த்துக்கொள்ளும். கண்டிலிருந்து முதலில் வெளிவந்த முனையை ஊசியில் கோர்த்து, கத்தரியால் வெட்டிய முனையில் முடிச்சுப் போட்டால் சிக்கு இன்னும் குறையும். பெட்டியில் தேன்மெழுகு ஒரு துண்டு இருந்தால் அந்தப் பெட்டிக்கு ஒரு மார்க் கூடுதல். நூலை மெழுகில் இரண்டு முறை இழுத்து, விரலால் நீவிவிட்டுத் தைத்தால் பட்டன் நூல் பிசிறாது, சுருளாது. இருபது நிறம் வைக்க இடம் இருப்பவர்களுக்கு ஒரு சிட்டிகை மெழுகு வைக்க இடமில்லாமல் போவது ஏன் என்று புரியவில்லை.

இனி ஊசி. வட்டமான உறைக்குள் விசிறி மாதிரி அடுக்கிய முப்பது ஊசி கண்ணுக்கு அழகு. அதில் அன்றாடம் கைக்கு வருவது மூன்றோ நாலோ. கைத்தையல் ஊசியில் எண் ஏற ஏற ஊசி மெலியும். 5, 6 என்றால் தடிமன், 9, 10 என்றால் மெலிவு. தையல் மெஷின் ஊசியில் கதை தலைகீழ்: எண் ஏற ஏறத் தடிமன். 90 என்று போட்டிருந்தால் அதன் தண்டு 0.9 மில்லிமீட்டர் என்று அர்த்தம். இரண்டையும் குழப்பிக்கொண்டு மெல்லிய துணிக்கு 5ஆம் எண் கையூசியை எடுத்தால் துணியில் துளை தெரியும். சட்டைத் துணிக்கு 7 முதல் 9 வரை வசதி. ஜீன்ஸ், பை, தடித்த போர்வை என்றால் 5க்குக் கீழே இறங்கலாம். காது நீளமாக உள்ள எம்பிராய்டரி ஊசி இரண்டு இருந்தால் கண் மங்கியவர்களுக்கும் புதிதாகப் பழகுபவர்களுக்கும் கோர்ப்பது சுலபம். முனை மழுங்கிய பெரிய ஊசி ஒன்று பெரும்பாலான பெட்டிகளில் இருக்கும். அது கம்பளி நூலுக்கும் நாடா கோர்க்கவும் உள்ளது. குழந்தைக்குத் தையல் பழக்க அதுவே நல்ல ஊசி, விரலைக் குத்தாது.

ஊசியின் தரத்துக்கும் ஒரு சோதனை உண்டு. இரண்டு விரலுக்கு நடுவே மெதுவாக உருட்டிப் பாருங்கள். வளைந்த ஊசி தள்ளாடும். முனையைப் பழைய நைலான் துணியில் குத்தி எடுங்கள். இழையைப் பிடித்து இழுத்தால் முனையில் கொக்கி விழுந்திருக்கிறது, அது துணியைக் கெடுக்கும். காதின் உள்விளிம்பு கூர்மையாக விட்டுப்போன ஊசி இன்னும் மோசம். எவ்வளவு நல்ல நூலாக இருந்தாலும் பத்துத் தையலுக்கு ஒருமுறை அறுந்துகொண்டே இருக்கும். நூல் ஊசிக் காதுக்குப் பக்கத்திலேயே திரும்பத் திரும்ப அறுந்தால் குற்றம் நூலில் இல்லை, ஊசியை மாற்றுங்கள். மலிவுப் பெட்டிகளில் அதிகம் காணும் குறை இதுதான்.

ஊசி கோர்க்கும் கம்பி, அதாவது தகட்டுத் தலையும் வைர வடிவக் கம்பி வாலும் கொண்ட அந்தச் சின்னச் சாமான், பெட்டியில் இருப்பதிலேயே உபயோகமானதும் சீக்கிரம் போய்ச்சேருவதும். கம்பி தகட்டை விட்டுக் கழன்று வருவதற்குக் காரணம் இரண்டு: மெல்லிய காதில் தடித்த நூலைத் திணிப்பது, நேராக இழுக்காமல் கோணலாக இழுப்பது. கம்பி போனாலும் வேலை நிற்காது. கத்தரியால் நூலைச் சாய்வாக வெட்டி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே நூலின் நுனி கடுகளவு மட்டும் தெரியும்படி அழுத்திப் பிடித்து, நூலை ஊசிக்குக் கொண்டு போகாமல் ஊசிக் காதை நூலின் மேல் இறக்குங்கள். காதுக்குப் பின்னால் ஒரு வெள்ளைக் காகிதம் இருந்தால் துளை பளிச்சென்று தெரியும். ஒரு பக்கம் நுழையவில்லையென்றால் ஊசியைத் திருப்பிப் பிடித்துப் பாருங்கள். காதின் இரண்டு பக்கமும் ஒரே வழுவழுப்பாக இருப்பதில்லை.

பெட்டிக்கான உண்மையான பரீட்சை பட்டன்தான். கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டிய வேலை இது.

நூலை இரட்டையாக்கி முடிச்சுப் போடுங்கள். பழைய பட்டன் இருந்த இடத்தில் நாலு சின்னத் துளை தெரியும். தெரியாவிட்டால் சட்டையின் முன்பக்கங்களைச் சேர்த்து வைத்து, எதிர்ப்பக்கத்துக் காஜாவின், அதாவது பட்டன் நுழையும் துளையின், நடுவே குண்டூசி குத்திக் குறித்துக்கொள்ளலாம். துணியின் முன்பக்கத்திலிருந்து ஊசியை உள்ளே விட்டு, ஒரு சின்னத் தையல் போட்டு மேலே வாருங்கள். முடிச்சு பட்டனுக்கு அடியில் ஒளிந்துகொள்ளும், உடம்பில் உரசாது. பட்டனை வைத்ததும் அதன் மேல் குறுக்கே ஒரு தீக்குச்சியோ தடித்த ஊசியோ வையுங்கள். இந்தக் குச்சியை எந்தப் பெட்டியின் படத்தாளிலும் காண்பது அரிது, அம்மாக்கள் விடுவதில்லை. குச்சியின் மேலாகவே ஒவ்வொரு ஜோடித் துளைக்கும் மூன்று முறை போய்வாருங்கள். இரட்டை நூல் என்பதால் அது ஆறு இழை, போதும். முடிந்ததும் குச்சியை உருவிவிட்டுப் பட்டனை மேலே தூக்கினால், பட்டனுக்கும் துணிக்கும் நடுவே இரண்டு மூன்று மில்லிமீட்டர் தளர்வு நிற்கும். ஊசியைப் பட்டனுக்கு அடியில் கொண்டுவந்து, அந்த நூல்களைச் சுற்றி நாலைந்து சுற்றுச் சுற்றி இறுக்குங்கள். பட்டனுக்கு ஒரு கழுத்து கிடைத்துவிடும். அதற்குப் பிறகு ஊசியை உட்பக்கம் இறக்கி, இரண்டு சின்னத் தையலில் வளையம் விட்டு வளையத்துக்குள் ஊசியை நுழைத்து முடிச்சு.

அந்தக் கழுத்து ஏன்? பட்டன் போட்டபின் காஜாப் பக்கத்துத் துணி உட்கார இடம் வேண்டும். துணியோடு ஒட்டித் தைத்த பட்டனில் அந்தத் துணி நெருக்கி, நூலை நாள் முழுக்க இழுத்துக்கொண்டே இருக்கும். பட்டனைச் சுற்றிச் சுருக்கமும் விழும். பட்டன் சீக்கிரம் விழுவதற்குப் பெரும்பாலும் காரணம் இந்தக் கழுத்து இல்லாததே, நூலின் வலுக் குறைவு அல்ல. கோட்டுப் பட்டனுக்குக் கழுத்து நாலைந்து மில்லிமீட்டர் வேண்டும். உட்பக்கம் ஒரு குட்டித் தட்டைப் பட்டனை வைத்து இரண்டையும் சேர்த்துத் தைத்தால் துணி பிய்யாது. பெட்டியில் வரும் கலவைப் பட்டன்கள் சட்டைக்குப் பொருந்தாவிட்டாலும் இந்த உள்வேலைக்கு அருமையாகப் பயன்படும்.

மாற்றுப் பட்டனைத் தேடிப் பெட்டிக்குள் கை விடுவதற்கு முன் சட்டையின் பக்கத் தையலில் உள்ள துணிச்சீட்டைப் பாருங்கள். பல சட்டைகளில் அங்கேயே ஓர் உபரிப் பட்டன் தைத்திருக்கும். அதுவும் இல்லையா? கால்சட்டைக்குள் செருகி மறையும் கடைசிப் பட்டனைக் கழற்றி மார்புக்குக் கொண்டுவாருங்கள். கிட்டத்தட்டப் பொருந்துகிற வேறு பட்டன் கீழே போகட்டும். இந்தத் தந்திரத்தை எந்த உறையிலும் அச்சடிக்கவில்லை.

கத்தரியைப் பற்றி நல்லதாகச் சொல்ல அதிகம் இல்லை. கையடக்கப் பைகளில் வருவது விரல் நீளக் கத்தரி, நூல் வெட்ட மட்டும். அந்த வேலையாவது ஒழுங்காகச் செய்கிறதா என்று பார்க்க, மெல்லிய துணியை ஒற்றை மடிப்பில் வைத்து, கத்தரியின் நுனியால் மட்டும் வெட்டுங்கள். நுனி வரை சுத்தமாக வெட்டினால் நல்லது. துணி இரண்டு அலகுக்கும் நடுவே மடிந்து மாட்டிக்கொண்டால் திருகாணி தளர்ந்திருக்கிறது அல்லது அலகு பொருந்தவில்லை. திருகாணி இருந்தால் கால் சுற்று முடுக்கிப் பார்க்கலாம். ஆணி அடித்து இறுக்கிய கத்தரி என்றால் ஒன்றும் செய்வதற்கில்லை. இடது கைக்காரர்களுக்கு இந்தப் பெட்டிக் கத்தரிகள் எதுவும் ஆகாது. வலது கைப்பிடிக்கென்று அமைத்த அலகுகளை இடது கை அழுத்தும்போது அவை நெருங்குவதற்குப் பதில் விலகும். துணி வெட்டுப்படாமல் மடங்கும்.

துணி வெட்டும் கத்தரியால் காகிதம் வெட்டக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் கேட்ட வசைதான். காரணம் இருக்கிறது: காகிதத்தில் களிமண், சுண்ணாம்பு மாதிரி நிரப்புப் பொடிகள் உண்டு, அவை அலகின் கூரை மழுக்கும். கத்தரி கைக்கு எட்டாதபோது நூலைப் பல்லால் கடிப்பதற்கும் திட்டு விழும். கடித்த நுனி பிரிந்து பூவாகும், மறுபடி காதில் நுழையாது. பல்லின் விளிம்புக்கும் அது நல்லதல்ல.

தையல் பிரிக்கும் கத்தி ஒன்று இருந்தால் பெட்டி ஒரு படி மேலே போகிறது. அதன் இரண்டு முனைகளில் ஒன்றில் சிவப்புக் குமிழ் இருக்கும். நீளமான கூர்முனையை ஒற்றைத் தையலுக்கு அடியில் விட்டு, மூன்று நாலு தையலுக்கு ஒன்றாக அறுத்துக்கொண்டு போய், பிறகு துணியைத் திருப்பி மறுபக்கத்து நூலை ஒரே இழுவையில் உருவுவதுதான் முறை. குமிழ், துணியில் குத்தாமல் வழுக்கிக்கொண்டு போவதற்கு. அவசரப்பட்டுத் தையல் வரிசை முழுவதையும் ஒரே தள்ளாகத் தள்ளினால் துணியும் சேர்ந்து அறுபடும். அப்படி அறுபட்ட துணியை எந்தப் பெட்டியாலும் மீட்க முடியாது.

அளவு நாடா 150 சென்டிமீட்டர், ஒரு பக்கம் அங்குலம். இதைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதீர்கள். மலிவு பிளாஸ்டிக் நாடா நாளாக நாளாக நீளும். எஃகு அளவுகோலின் பக்கத்தில் வைத்து 30 சென்டிமீட்டர் சரியாக விழுகிறதா என்று வாங்கிய அன்றே பாருங்கள். முனையில் உள்ள தகடு சில நாடாக்களில் கோணலாக அடித்திருக்கும், அங்கேயே இரண்டு மில்லிமீட்டர் போய்விடும். அப்படியிருந்தால் பூஜ்யத்திலிருந்து அளக்காமல் 10இல் தொடங்கி அளந்து, வந்ததில் 10ஐக் கழித்துக்கொள்ளுங்கள்.

நாடா உதவும் வேலை ஓரம் அடிப்பது. புதுப் பருத்திக் கால்சட்டையை முதலில் துவைத்து விடுங்கள். சுருங்கியபின் அளந்தால்தான் கணக்கு நிற்கும்; வாங்கிய அன்றே வெட்டிவிட்டுக் கணுக்காலுக்கு மேலே ஏறிய பிறகு வருந்திப் பயனில்லை. வழக்கமாகப் போடும் செருப்பையோ ஷூவையோ போட்டு நிற்கவைத்து, இன்னொருவர் குண்டூசியால் குறிக்க வேண்டும். தானே குனிந்து குறித்தால் துணி மேலேறி அளவு தப்பும். குறித்த கோட்டுக்குக் கீழே நாலு சென்டிமீட்டர் விட்டு வெட்டி, ஒரு சென்டிமீட்டர் உள்ளே மடித்து, பிறகு மூன்று சென்டிமீட்டர் மடித்து, இஸ்திரி போடுங்கள். இஸ்திரியைத் தவிர்ப்பவர்களின் ஓரம் பாம்பு மாதிரி நெளிவது இங்கேதான் தொடங்குகிறது. ஒற்றை நூல் போதும். ஊசியை மடிப்பின் விளிம்பில் விட்டு, எதிரே வெளித்துணியில் ஒன்று அல்லது இரண்டு நெசவு இழையை மட்டும் அள்ளி, திரும்ப மடிப்புக்குள் போய், முக்கால் சென்டிமீட்டர் தள்ளி வெளியே வாருங்கள். வெளிப்பக்கம் ஊசிமுனை அளவுப் புள்ளிதான் தெரிய வேண்டும். நூலை இறுக்கவே கூடாது. இறுக்கினால் வெளியே குழி குழியாகத் தெரியும், கால் மாட்டும்போது நூலும் அறும். பத்துப் பன்னிரண்டு தையலுக்கு ஒருமுறை ஒரே இடத்தில் இரட்டைத் தையல் போட்டுவிட்டால், என்றாவது பெருவிரல் மாட்டி ஓரிடம் அறுந்தாலும் ஓரம் முழுவதும் அவிழ்ந்து தொங்காது.

பெட்டியில் உள்ள குண்டூசிகள் இதற்குத் தேவைப்படும். தலையைப் பார்த்துக்கொள்ளுங்கள்: கண்ணாடித் தலை இஸ்திரிச் சூட்டைத் தாங்கும், பிளாஸ்டிக் தலை உருகித் துணியில் ஒட்டும். பெட்டிகளில் வருவது ஏறக்குறைய எப்போதும் பிளாஸ்டிக்தான். அதனால் இஸ்திரிக்கு முன் உருவிவிடுங்கள்.

பிரிந்த தையலைச் சேர்க்கும் வேலைக்குப் பெட்டியிலிருந்து ஊசியும் நூலும் தவிர ஒன்றும் வேண்டாம். அக்குள், கால்சட்டையின் பின்பக்கம், பையின் மூலை மாதிரி இழுபடும் இடங்களில், ஊசியை மேலும் கீழுமாக முன்னோக்கி மட்டுமே ஓட்டும் ஓட்டுத் தையல் நிற்காது. ஒரு தையல் முன்னே போய், பாதி பின்னே வந்து போடும் கெட்டித் தையல்தான் வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு மூன்று மில்லிமீட்டர். பிரிந்த இடத்தில் தொடங்காமல், அதற்கு ஒரு சென்டிமீட்டர் முன்பே பழைய தையலின் மேல் தொடங்கி, ஒரு சென்டிமீட்டர் தாண்டி முடியுங்கள். இல்லாவிட்டால் அடுத்த வாரம் பழைய நூல் அங்கிருந்து மேலும் அவிழும். துவைப்பதற்கு முன் தைக்க வேண்டும் என்பதில் அம்மாக்களுக்குள் கருத்து வேற்றுமையே கிடையாது. நனைந்து முறுக்குப்பட்டு வரும்போது விரலளவுக் கிழிசல் கையளவாகும். அழுக்குத் துணியில் ஊசி வைக்கக் கூசினால், பெரிய தையலாக நாலு போட்டு மூடிவிட்டுத் துவைத்து, பிறகு ஒழுங்காகத் தைக்கலாம். முதலில் சொன்ன மட்ட நூலுக்கு இங்கே வேலை.

துளை விழுந்த துணிக்கு நூலைக் குறுக்கும் நெடுக்குமாகப் பின்னி இழை ஓட்டுவது வேறு கலை. பெட்டிகள் அதற்கு ஒன்றும் தருவதில்லை, தராததும் நியாயம்தான். ஒட்டுப் போடத் துண்டுத் துணி சேர்த்துத் தருபவர்களும் இருக்கிறார்கள். அதன் மூலையை வட்டமாக வெட்டாமல் சதுரமாகவே தந்தால், நீங்களே வட்டமாக்கிவிடுங்கள். கூரான மூலைதான் முதலில் தூக்கும்.

கொக்கியும் பிரஸ் பட்டனும் பல பெட்டிகளில் தாராளமாக வருகின்றன, எப்படி வைப்பது என்ற விளக்கம் மட்டும் வருவதில்லை. பிரஸ் பட்டனில் குமிழ் உள்ள பாதி மேல்மடிப்பின் உட்பக்கத்துக்கு, குழி உள்ள பாதி கீழ்த்துணிக்கு. குமிழை முதலில் தைத்து, அதன் நுனியில் சாக்கைத் தடவி, கீழ்த்துணியின் மேல் வைத்து அழுத்துங்கள். விழுந்த புள்ளியில் குழியை வைத்தால் கோணவே கோணாது. ஒவ்வொரு துளைக்கும் மூன்று நாலு தையல் போட்டு, நூலை அறுக்காமல் துணிக்குள்ளேயே ஊசியை நடத்தி அடுத்த துளைக்குப் போகலாம். கொக்கியை விளிம்புக்கு வெளியே நீட்டவிடாமல் இரண்டு மில்லிமீட்டர் உள்ளே தள்ளி வைக்க வேண்டும். வளையம் மட்டும் விளிம்பைத் தாண்டி ஒரு இம்மி நீளட்டும், அப்போதுதான் இரண்டு ஓரமும் ஒன்றையொன்று தொட்டு நிற்கும். கொக்கியின் அடித்துளைகளை மட்டும் தைத்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். அதன் தலைக்கு அடியிலும் இரண்டு தையல் வேண்டும். அது இல்லாவிட்டால் மாட்டும்போது கொக்கி எழுந்து நின்றுகொள்ளும்.

ஊசியைத் தள்ள விரலில் மாட்டும் திம்பிள் எல்லாப் பெட்டியிலும் ஒரே அளவில் வருகிறது, விரல்கள் அப்படி வருவதில்லை. நடுவிரலில் மாட்டிக் கையைக் கவிழ்த்தால் விழக்கூடாது. விழுந்தால் உள்ளே துணி நாடாவை ஒரு சுற்று ஒட்டுங்கள். பிளாஸ்டிக்கில் செய்த திம்பிளை ஜீன்ஸுக்குப் போடாதீர்கள், ஊசியின் பின்பக்கம் அதைத் துளைத்துக்கொண்டு விரலுக்கு வரும். ஊக்குகள் பரவாயில்லை ரகம். ஈரத் துணியில் குத்திவைத்தால் துருக்கறை விடும், அந்தக் கறை எளிதில் போகாது.

இனி பெட்டியே. ஜிப் பையில் எல்லாவற்றையும் எலாஸ்டிக் பட்டைக்குள் செருகியிருப்பார்கள். ஒருமுறை வெளியே எடுத்ததைத் திரும்ப அதே இடத்தில் செருகப் பொறுமை வேண்டும், ஆறு மாதத்தில் எலாஸ்டிக்கும் தளரும். பிளாஸ்டிக் பெட்டியில் மூடியின் கீல்தான் முதலில் உடையும். தகர டப்பா மேல், அதிலும் அடிமட்டத்தில் தட்டு இல்லாத வெறும் டப்பா மேலோ மேல். ஊசி குத்திவைக்க வரும் பஞ்சு மெத்தை பெரும்பாலும் மட்டமான ஸ்பாஞ்சு. காற்றிலுள்ள ஈரத்தைப் பிடித்துவைத்து ஊசியைத் துருவேற்றிவிடும். அதை அகற்றிவிட்டுக் கம்பளித் துணியை நாலாக மடித்து மூடியின் உட்பக்கம் ஒட்டினால் ஊசிகள் பளபளவென்று இருக்கும்.

ஆக, எதை வாங்குவது? தனியே தங்கப் போகிறவருக்குச் சின்ன ஜிப் பையை வாங்கித் தரலாம், ஆனால் அப்படியே தரவேண்டாம். நூலில் ஐந்து நிறத்தை மட்டும் நல்ல கண்டாக மாற்றி, உருட்டிப் பார்த்துத் தேறிய 7, 9ஆம் எண் ஊசிகள் நாலு, நீளக் காது ஊசி ஒன்று, மெழுகுத் துண்டு, நாலைந்து தீக்குச்சி போட்டுக் கொடுங்கள். வீட்டுக்கென்றால் இருநூறு உருப்படிப் பெட்டி எதுவும் வேண்டாம். ஒரு தகர டப்பா எடுத்து, நல்ல கத்தரி ஒன்றுக்கும் நூலுக்கும் செலவழித்து, மீதியை ஒன்றொன்றாகச் சேர்த்துக்கொள்வதே லாபம். ஐந்துக்கு மார்க் போடச் சொன்னால் ஜிப் பைக்கு இரண்டரை, பிளாஸ்டிக் பெட்டிக்கு இரண்டு. ஊசி கோர்க்கும் கம்பியும் பிரிக்கும் கத்தியும் இரண்டும் இருந்தால் அரை கூட்டிக்கொள்ளலாம்.

டப்பாவை மூடுவதற்கு முன் ஊசிகளை எண்ணுங்கள், எடுத்த எண்ணிக்கை திரும்ப வந்திருக்க வேண்டும். ஒன்று குறைந்தால் கையால் தரையைத் துழாவாதீர்கள், வெறுங்காலோடு எழுந்து நடக்கவும் வேண்டாம். விளக்கை அணைத்துவிட்டு, டார்ச்சைத் தரையில் படுக்கவைத்து மெல்லச் சுழற்றுங்கள். தரையோடு ஓடும் வெளிச்சத்தில் ஊசி மினுங்கும், அதன் நிழல் ஊசியைவிடப் பல மடங்கு நீண்டு விழும். இருக்கும் இடம் தெரிந்தபின் ஒரு காந்தத்தைக் கொண்டுபோய் எடுங்கள்.